மறைத்து வைத்த அமானிதம்

செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவிகளின் துல்லியத்திற்கு விதித்திருந்த தடையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. ஓரிரு நாட்களில் ஒருவர், ஆரிகன் மாநிலக் காட்டில் ஒரு வாளி நிறையப் பொருட்களை மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை அறிவித்தார். ‘ஜியோகேச்சிங்’ எனும் தேடல் விளையாட்டு இவ்வாறே பிறந்தது.

பெட்டியைக் கண்டவர் உள்ளிருக்கும் குறிப்பேட்டில் பெயர் எழுதுவார். ஒரு பொருளை எடுத்தால் அதற்கு ஈடானதை வைப்பார். காவலுக்கு எவருமில்லை!

கண்டெடுத்த பொருளை ஓராண்டு காலம் அறிவிக்குமாறு பணித்தார்கள் நபி (ஸல்) அவர்கள். இப்பெட்டியோ தொலைந்த பொருளன்று, நிபந்தனையோடு விடப்பட்டது. ஈடு வைக்காமல் எடுப்பது வாக்கு மீறலேயாகும்.

விடுமுறையில் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் செல்லும்போது, ஒரு சிறு டப்பாவை மறைத்து வைத்துப் பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். திரும்பும்போது மறவாமல் எடுத்து வாருங்கள். சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்திலோ எதையும் மறைக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையின் வேகத்தைத் தணித்த அந்தச் சுரபுன்னைக் காடே ஓர் அமானிதம். அங்கே ஒரு கிளையை ஒடித்தால் ஈடாக எதை வைப்போம்?

எவரும் பாராத இடத்திலும் அல்லாஹ் பார்க்கின்றான் என்பதைப் பிள்ளைகள் விளையாட்டிலேயே உணரட்டும்!