சுடுகளத்தில் ஒரு விளி

(மூன்றாம் ஆண்டு வரலாறு மாணவி, தேசிய மாணவர் படை)

கார்த்திகைத் தீபத் திருவிழாவிற்கு நம் ஊரில் முளைக்கும் கடைகளில் வளையல் கடையையும் பொரிக் கடையையும் ராட்டினத்தையும் எல்லாரும் அறிவர். அவற்றிடையே, ஒரு பலகையில் வண்ண வண்ணப் பலூன்களைக் கட்டி, முன்னே ஒரு மேசையில் இரண்டு காற்றுத் துப்பாக்கிகளை வைத்திருக்கும் கடையும் உண்டு. நான் எட்டாம் வகுப்புப் படிக்கையில் என் அண்ணனோடு அங்கே போய் நின்றேன். கடைக்காரர் அண்ணனிடம் துப்பாக்கியை நீட்டி, "சுடுங்க தம்பி" என்றார். என் முறை வந்தபோது என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனிடமே, "பாப்பாவுக்குப் பின்னாலே நின்னு நீங்க பிடிச்சுக்குங்க. பாப்பா விரலை மட்டும் வைக்கட்டும்" என்றார். பலூன் வெடித்தது. அதைச் சுட்டது யார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

விளையாட்டைப் பற்றிக் கட்டுரை கேட்டால் இவள் பலூன் கடையைப் பற்றி எழுதுகிறாளே என்று மலர்க் குழுவினர் நினைக்கலாம். காரணம் உண்டு. அந்தக் கடையில் இருப்பதும் ஒலிம்பிக் போட்டியில் இருப்பதும் ஒரே இனத்துத் துப்பாக்கிதான். இரண்டும் காற்றின் விசையால் சிறு ஈயக் குண்டைத் தள்ளுபவை. அந்தக் கடையில் எனக்கு நேர்ந்தது, அளவு மாறி, உலகச் சுடுகளங்களிலும் பெண்களுக்கு நேர்ந்திருக்கிறது.

முதலில் போட்டியைச் சொல்லிவிடுகிறேன். பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் குண்டின் குறுக்களவு 4.5 மில்லிமீட்டர். இலக்கின் நடுவே பத்து மதிப்பெண்ணுக்குரிய புள்ளியின் குறுக்களவோ அரை மில்லிமீட்டர்தான். கடுகினும் சிறிது! துப்பாக்கி ஐந்தரைக் கிலோவுக்கு மேற்படக் கூடாது. நின்றபடியே 75 நிமிடங்களுக்குள் 60 முறை சுடவேண்டும். ஒரு குண்டுக்கு மிகுதியாகக் கிடைக்கக்கூடியது 10.9; எல்லாம் கூட்டினால் 654. இடக்கை முழங்கையை இடுப்பெலும்பின்மேல் ஊன்றி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை இழுக்காமல் மெல்ல அழுத்த வேண்டும். நாடித் துடிப்புகூடக் குழல்முனையை அசைத்துவிடும். ஆகவே இங்கு வேண்டப்படுவது புயவலிமை அன்று, அசையாமை. இதில் ஆண் எங்கே வந்தான், பெண் எங்கே வந்தாள்?

எண்களும் அதையே சொல்கின்றன. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் ஆடவருள் முதல்வராக வந்த சீனத்து யாங் ஹாவோரான் எடுத்தது 632.7. மகளிருள் முதல்வராக வந்த நார்வே நாட்டு ஜெனட் துயஸ்டாட் எடுத்தது 632.9. துப்பாக்கி வகை, தொலைவு, குண்டுகளின் எண்ணிக்கை எல்லாம் இருவர்க்கும் ஒன்றே. 2024இல் பாரிசில் தென்கொரியாவின் பான் ஹியோ ஜின் என்னும் பதினாறு வயதுப் பெண் 634.5 எடுத்தார். அங்கே ஆடவர் பிரிவில் எவரும் அந்த எண்ணை எட்டவில்லை.

ஆனால், "குண்டுகளின் எண்ணிக்கை ஒன்றே" என்று நான் எழுதக்கூடிய நிலை அண்மையில்தான் வந்தது என்பதையும் சொல்லவேண்டும். 2017 வரை இதே போட்டியில் ஆடவர்க்கு 60 குண்டுகள், மகளிர்க்கு 40. 2018இல்தான் இருவர்க்கும் 60 என்றாக்கினர். வீட்டில் பதினைந்து லிட்டர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறவளைப் பார்த்து எவரும் "கனமாச்சே" என்பதில்லை. ஐந்தரைக் கிலோத் துப்பாக்கியைத் தூக்கினால் மட்டும் உலகத்திற்கே இரக்கம் பிறந்துவிடுகிறது.

சற்றுப் பின்னோக்கிப் போவோம். 1896இல் ஏதென்சு நகரில் நடந்த முதல் ஒலிம்பிக்கிலேயே துப்பாக்கி சுடுதல் இருந்தது, பெண்கள் இல்லை. 1968இல் மெக்சிகோவில்தான் மூன்று பெண்கள் களம் புகுந்தனர். அவர்கள் போலந்து, பெரு, மெக்சிகோ நாட்டினர். தனிப் பிரிவு ஏதுமில்லை. ஆடவரோடு ஆடவராகச் சுட்டனர். 1976இல் மாண்ட்ரியலில் அமெரிக்காவின் மார்கரெட் மர்டாக், தம் நாட்டவரான லானி பாசமும் எடுத்த அதே 1162 புள்ளிகளை எடுத்தார். சமநிலையை முறிக்கும் விதிப்படி தங்கம் பாசமுக்குப் போயிற்று, மர்டாக்கிற்கு வெள்ளி. நாட்டுப்பண் இசைக்கும்போது பாசம் கைநீட்டி அவரை முதற்படிக்கு ஏற்றித் தம்மருகே நிறுத்திக்கொண்டார். அப்போது அவர் என்ன சொல்லி அழைத்தாரோ அறியேன். அந்தக் கை நீண்டதே ஒரு நல்ல விளி என்று கொள்கிறேன்.

1984இல் லாஸ் ஏஞ்சலிசில் மகளிர்க்கென மூன்று தனிப் போட்டிகள் வந்தன. இது வரவேற்பா, ஒதுக்கீடா? இரண்டும்தான். தனிப் பிரிவு வந்ததால் பல நாட்டுப் பெண்களுக்கு வழி திறந்தது. நம் நாட்டுச் சோமா தத்தா 1984, 1988, 1992 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் கலந்துகொண்டார். மறுபுறம் ஒரு கதவு சாத்தப்பட்டது. பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் 'ஸ்கீட்' போட்டி 1992 வரை இருபாலர்க்கும் பொதுவாக இருந்தது. அவ்வாண்டு பார்சிலோனாவில் சீனத்து ஜாங் ஷான் 225க்கு 223 தட்டுகளை வீழ்த்தி, ஆடவர் அனைவரையும் வென்று தங்கம் பெற்றார். வெள்ளியும் வெண்கலமும் பெற்ற ஆடவர் இருவரும் அவரை மேடையில் தூக்கிப் பிடித்தனர். அடுத்த ஒலிம்பிக்கில் ஸ்கீட் ஆடவர்க்கு மட்டும் என்றாயிற்று. மகளிர்க்கான ஸ்கீட் 2000இல் சிட்னியில்தான் வந்தது. ஆக, 1996இல் அவர் தம் தங்கத்தைக் காத்துக்கொள்ளக் களமே இல்லை.

இனி விளிக்கு வருகிறேன். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் விளிமரபு என்றே ஓர் இயல் இருப்பதைத் தமிழ் வகுப்பில் படித்திருப்பீர்கள். ஒருவரை எப்படிக் கூப்பிடுவது என்பதற்கு ஓர் இயலே ஒதுக்கிய மொழி நம்முடையது. அதே மொழியில் இன்னொரு நேர்த்தியும் உண்டு. 'சுடு' என்னும் ஏவலுக்கு ஆண்பால் பெண்பால் இல்லை. 'நீ' என்னும் சொல்லுக்கும் இல்லை. கட்டளை மட்டும் இருக்கும்வரை களத்தில் நிற்பவர் எவராயினும் ஒன்றே. பின்னால் ஒரு சொல்லை ஒட்டும்போதுதான் வேற்றுமை புகுகிறது. 'சுடுடா', 'சுடும்மா', 'சுடு பாப்பா', 'சுடு கண்ணு' என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

இவையெல்லாம் வசைகளா என்றால், இல்லை. நம் ஊரில் பேருந்து நடத்துநர் "ஏம்மா, உள்ளே போ" என்பதும், பூக்காரர் "கண்ணு, ஒரு முழம் வாங்கிக்க" என்பதும் உறவுகொண்டாடும் சொற்களே. நானும் முன்பின் அறியாதவரை அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன். ஆனால் சுடுகளத்தில் அச்சொற்கள் என்ன செய்தன என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்லவேண்டும்.

முதலாண்டுப் பயிற்சி முகாமில் முதன்முதலாக .22 துப்பாக்கியைக் கையில் எடுத்தேன். தரையில் குப்புறப் படுத்து, 25 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கை நோக்கி ஐந்து தோட்டாக்கள் சுடவேண்டும். ஐந்தும் நடுவில் பட்டாக வேண்டும் என்பதில்லை. ஐந்தும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகப் பட வேண்டும். இதைக் 'குரூப்பிங்' என்பர். நெருக்கமாகப் பட்டால் கை ஒரே நிலையில் இருக்கிறது என்று பொருள். குறியைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். என் ஐந்து துளைகளும் தாளின் நான்கு மூலைக்கும் ஓடியிருந்தன. எனக்கு அடுத்து படுத்திருந்த மாணவனுடையவையும் அப்படியே. பயிற்சி தந்தவர் அவன் தாளைப் பார்த்ததும் சீறினார். "விசையைச் சுண்டுறே. சுண்டுனா குழல் வலப்பக்கம் ஓடும். விரலோட முதல் மூட்டுலே பிடிக்காதே, நுனிச் சதையிலே வை" என்றார். என் தாளைப் பார்த்துச் சிரித்தார். "பரவாயில்லே பாப்பா. பொம்பளைப் பிள்ளைக்கு இதுவே அதிகம்" என்றார்.

அவர் கெட்டவர் அல்லர். மதிய வெயிலில் எங்களை நிழலில் உட்காரச் சொன்னவரும் அவரே. ஆனால் அன்று மாலைக்குள் அந்த மாணவனுடைய துளைகள் உள்ளங்கையளவு வட்டத்திற்குள் வந்துவிட்டன. என்னுடையவை காலையில் இருந்தபடியே இருந்தன. அடுத்த கட்டத் தேர்வுக்கு அவன் போனான், நான் போகவில்லை. எனக்கும் விரலில்தான் பிழை. அவனைத் 'டேய்' என்று கூப்பிட்டதால் அவனுக்குத் திருத்தம் கிடைத்தது. என்னைப் 'பாப்பா' என்று கூப்பிட்டதால் எனக்கு ஆறுதல் கிடைத்தது.

மறு ஆண்டு வேறொருவர் வந்தார். அவருக்குத் தமிழ் அவ்வளவாக வராது. கட்டளைகள் இந்தியில்தான். எங்களில் எவர் பெயரும் அவர் வாயில் நுழையவில்லை. எனவே படுத்திருக்கும் இடத்தின் எண்ணைச் சொல்லியே கூப்பிட்டார். நான் ஐந்தாம் எண். "ஐந்து! கண்ணை மூடாதே!" "ஐந்து! மூச்சு!" "ஐந்து! விரல், விரல்!" அவ்வளவு திட்டு நான் வீட்டில்கூட வாங்கியதில்லை. மூன்றாம் நாள் ஐந்து துளைகளையும் ஒரு தீப்பெட்டியால் மறைத்துவிடலாம் என்ற நிலைக்கு வந்தேன். அவர் தாளைப் பார்த்து, "ஐந்து, டீக்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆறாம் எண்ணைத் திட்டப் போய்விட்டார். கல்லூரியில் நான் பெற்ற பாராட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

உறவுச் சொல்லே பட்டமாக மாறிய கதையும் உண்டு. உத்தரப்பிரதேசத்தின் பாக்பத் மாவட்டத்து ஜோஹ்ரி என்னும் சிற்றூரில், அறுபது வயதைக் கடந்த சந்திரோ தோமர் 1999இல் தம் பேத்தியைச் சுடும் பயிற்சிக்கு அழைத்துச் சென்றார். தயங்கிய பேத்திக்காகத் தாமே கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட்டுக் காட்டினார்; பிறகு விடவே இல்லை. அவர் ஓரகத்தி பிரகாசி தோமரும் சேர்ந்துகொண்டார். ஊரார் நகைத்தனர், வீட்டு ஆண்களுக்குத் தெரியாமல் பயிற்சி செய்யவேண்டியிருந்தது. பின்பு பல போட்டிகளில் பதக்கம் வென்றார்கள். நாடெங்கும் 'ஷூட்டர் தாதி' என்று பெயர் பரவிற்று. தாதி என்றால் அப்பாவைப் பெற்ற பாட்டி. 2019இல் இவ்விருவர் வாழ்க்கை இந்தித் திரைப்படமாகவும் வந்தது. சந்திரோ 2021 ஏப்ரலில் கொரோனாவால் காலமானார். 'பாட்டி' என்ற சொல்லுக்கு முன்னே 'சுடும்' என்ற சொல்லைத் தம் கையாலேயே சேர்த்துக்கொண்டவர் அவர். அதனால் அந்தப் பெயரில் எனக்குக் குறை தோன்றவில்லை.

நம் செய்தித்தாள்களின் வழக்கத்தில்தான் எனக்குக் குறை. ஓர் ஆண் பதக்கம் வென்றால் 'வீரர்'. ஒரு பெண் வென்றால் 'தங்க மங்கை', 'தேசத்தின் மகள்'. அரியானாவின் மனு பாக்கர் 2024இல் பாரிசில் இரண்டு வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. நமக்கு அதிகத் தொலைவில்லாத கடலூரில் பிறந்து அகமதாபாதில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019இல் ரியோ உலகக் கோப்பையிலும் சீனாவின் புத்தியானில் நடந்த உலகக் கோப்பை இறுதியிலும் தங்கம் வென்றார். இவர்கள் யாருக்கு மகள் என்பது அவர்தம் பெற்றோருக்குத் தெரிந்தால் போதாதா? 'வீராங்கனை' என்கிறோமே, அதில் 'அங்கனை' என்பது பெண் என்று பொருள்படும் வடசொல். 'வீரர்' என்னும் பலர்பாற் சொல் இருபாலர்க்கும் பொதுவாக நம்மிடம் இருக்கும்போது இந்த ஒட்டு எதற்கு என்று தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவரிடம் கேட்டேன். "நீயே ஒரு கட்டுரை எழுது" என்றார். அதுதான் இது.

வரும் கல்வியாண்டில் மாணவர் படையில் சேர எண்ணும் தங்கையருக்கு இரண்டு செய்திகள். பயிற்சி தருபவரிடம் உங்கள் பெயரையோ வரிசை எண்ணையோ முதல் நாளே சொல்லி, அதைக்கொண்டே கூப்பிடுமாறு பணிவாகக் கேட்டுவிடுங்கள். நான் முதலாண்டில் கேட்கவில்லை. இன்னொன்று, படுத்துச் சுடும்போது சரளை மண்ணில் முழங்கை உராய்ந்து தோல் போய்விடும். பழைய துணி இரண்டு முழம் எடுத்துவந்து சுற்றிக்கொள்ளுங்கள். மாணவர்களும் சுற்றிக்கொள்ளத்தான் செய்கிறார்கள்.