மே மாதத் தக்காளிக்கு எத்தனை லிட்டர் தொட்டி?

2019 கோடை நினைவிருக்கும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிகள் நாலும் வறண்டுபோயின. கோடம்பாக்கத்தில் எங்கள் குடியிருப்புக்கு லாரி வந்தால்தான் தண்ணீர். வீட்டுக்கு இத்தனை குடம் என்று கணக்கு. அந்த நேரத்தில் மொட்டைமாடியில் இருந்த பன்னிரண்டு தக்காளிச் செடிக்கு நான் வாளி தூக்கிக்கொண்டு போனேன். "குளிக்கவே தண்ணி இல்ல, உங்களுக்குத் தக்காளி கேக்குதா?" என்றார் வீட்டம்மா. பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் காலையும் மாலையும் ஊற்றியும் மத்தியானம் செடி துவண்டுதான் கிடந்தது.

கோளாறு தொட்டியில் இருந்தது. நான் வைத்திருந்தவை ஒன்பது அங்குலத் தொட்டிகள். கொள்ளளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: விட்டமும் உயரமும் ஒன்பது அங்குலம் என்றால் சுமார் 9 லிட்டர். பன்னிரண்டு அங்குலப் பை 22 லிட்டர். பதினைந்து அங்குலப் பை 43 லிட்டர். மூன்று அங்குலம் கூட்டினால் கொள்ளளவு இரட்டிக்கிறது! கடையில் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

நன்கு வளர்ந்து காய் பிடித்த செடி, மே மாத வெயிலில் என் மாடியில் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிக்கிறது. 9 லிட்டர் கலவையில் வேர் எடுக்கக்கூடிய ஈரம் அதற்கே பற்றாது. மத்தியானத்துக்குள் கணக்கில் இருப்பு காலி. பயந்துபோய் சாயங்காலம் கூடுதலாக ஊற்றினால், அதில் பாதி அடியில் ஓடிவிடும், சத்தையும் கரைத்துக்கொண்டு. பெரிய பையில் செடி குடிக்கிற அளவு குறையாது, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஓடி வீணாவதுதான் குறையும். ஒரு வேளை தவறினாலும் செடி தாங்கும். பன்னிரண்டு செடியை ஐந்தாக்கினேன், எல்லாம் பதினைந்து அங்குலப் பையில். காய் குறையவில்லை.

காயின் அடிப்பக்கம் கறுத்து அமுங்குகிறதே, அதற்கும் இதுதான் பெரும்பாலும் காரணம். சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று முட்டை ஓட்டுத் தூள் போடச் சொல்வார்கள். நானும் போட்டேன். சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடு மட்டுமே செடிக்குள் பயணம் செய்யும். தண்ணீர் தட்டுப்பட்டால் இலைகள் இழுத்துக்கொள்ளும். காயின் அடிமுனைக்கு வந்து சேராது. மண்ணில் சத்து இருந்தும் காய்க்குக் கிடைக்காத நிலை. ஒருநாள் காய்ச்சல், ஒருநாள் வெள்ளம் என்று இல்லாமல் ஈரம் சீராக இருந்தால் புதிய காய்கள் நன்றாக வரும். கறுத்த காய் தேறாது, பறித்துவிடுங்கள்.

அந்த வருடம் செய்த இன்னொரு தப்பு, ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை ஊற்றியது. வீணாகிறதே என்ற நல்லெண்ணம்தான்! வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. இலை ஓரம் கருகியது. அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் (உப்பு போடாமல் கழுவியது) தாராளமாக ஊற்றலாம்.

காலை ஏழு மணிக்குள் தண்ணீர் விடுங்கள். மேல்தொட்டித் தண்ணீர் மாலை நாலு மணிக்குக் கை வைக்க முடியாமல் கொதிக்கும். அதை வேரில் ஊற்றாதீர்கள். ஊற்றும் முன் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டுப்பட்டால் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். ஒரே மூச்சில் கொட்டாமல் இரண்டு தவணையாக, பத்து நிமிடம் இடைவெளி விட்டு ஊற்றினால் காய்ந்த தென்னைநார்க் கழிவு ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். மேலே மூன்று அங்குலம் காய்ந்த இலைதழை மூடாக்கு. பையைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், தரைச்சூடு ஏறாது.

இவ்வளவும் செய்து மே மாதம் பூ உதிர்ந்தால் உங்கள் தப்பு இல்லை. ராத்திரியும் வெப்பம் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காதபோது தக்காளியில் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. பஞ்சகவ்யா தெளித்தும் பயனில்லை. அதனால் நான் கார்த்திகையில் நாற்று விட்டு, பங்குனிக்குள் பெரும்பகுதி காயைப் பறித்துவிடுகிறேன். அக்னி நட்சத்திரத்தில் நிழல்வலைக்குக் கீழே இருக்கிற செடியைக் காப்பாற்றினால் போதும்.

பெரிய பைக்கு ஒரு எச்சரிக்கை: நனைந்தால் முப்பது கிலோவைத் தாண்டும். மாடியின் நடுவில் கூட்டமாக அடுக்காமல், கீழே சுவரோ உத்தரமோ வருகிற இடமாகப் பார்த்து வையுங்கள்.