வீட்டிலேயே காரக் கச்சான்



சம்பள நாளில் பிள்ளைங்க கேட்பது கடைப் பாக்கெட்டுதான். அந்தக் காசுக்கு வீட்டிலேயே காரக் கச்சான் செய்தால் குடும்பமே சாப்பிடலாம். 100 கிராம் கச்சானில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. மலையேறிக் கொழுந்து பறிக்கிற உடம்புக்கு அது தேவை.

முதலில் கச்சானைப் பொறுக்குங்கள. நம்ம பக்கம் மழையும் ஈரமும் அதிகம். பூஞ்சணம் பிடித்தது, நிறம் மாறியது, சுருங்கியது எல்லாவற்றையும் வீசிவிடுங்கள். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது.

கால் கிலோ கச்சானைத் தாச்சியில் போட்டு, மெல்லிய நெருப்பில் கைவிடாமல் கிளறுங்கள். 10-15 நிமிடத்தில் தோல் வெடித்து வாசம் வரும். அப்போது ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் போட்டு, இலை மொறுமொறு என்றானதும் இறக்குங்கள். இறக்கிய பிறகுதான் அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூளும், அளவாக உப்பும். அடுப்பில் இருக்கும்போது போட்டால் தூள் கருகிக் கசக்கும். நன்றாக ஆறிய பின் போத்தலில் போட்டு இறுக்கி மூடுங்கள். சூட்டோடு மூடினால் வேர்த்து நமத்துப் போகும்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முழுக் கச்சான் கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கிவிடும். அழுத பிள்ளைக்கு நாலு கச்சானைக் கொடுத்துவிட்டு, பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய தாயை நாங்கள் பார்த்திருக்கிறோம். சின்னதுகளுக்குக் காரம் சேர்க்காமல் மாவாக இடித்து, சோற்றில் பிசைந்து கொடுங்கள்.