பெரியோர் வாக்கும் ஒரு பேரெண்ணும்

யான் தமிழிலக்கணம் கற்பிப்பவன்; கணிதத்துக்கும் எனக்கும் உறவு குறைவு. ஆயினும் 4294967297 என்னும் பேரெண் ஒன்று அண்மையில் என்னைத் தலைகுனிய வைத்தது. அதனை வாசக நேயர்களுக்குச் சொல்லாதிருத்தல் முறையன்று.

எங்கள் கலாசாலை மாணவன் ஒருவன் உரையாசிரியர் ஒருவரின் கூற்றை மறுத்து விடை எழுதியிருந்தான். அவன் காட்டிய உதாரணங்களைப் படியாமலே சிவப்பு மையாற் கோடிட்டேன். "ஏன் பிழை, ஐயா?" என வினவினான். "பெரியோர் வாக்கில் ஐயுறல் ஆகாது" என்றேன். அவன் சென்றபின், அருகிருந்த கணித ஆசிரியர் மேற்படி எண்ணைத் தாளில் எழுதி நீட்டி, "பண்டிதரே, இதுவும் பெரியோர் வாக்கின்பாற்பட்டதே" என்றார்.

ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாதது முதன்மை எண். வகுபடுவது சேர்த்தி எண். இரண்டின் 1, 2, 4, 8, 16 ஆம் வலுக்களோடு ஒன்று கூட்டினால் முறையே 3, 5, 17, 257, 65537 வரும். ஐந்தும் முதன்மை எண்கள். இவ்வரிசை முழுவதும் அத்தகையதே என 1640இல் எழுதினார் பிரான்சு நாட்டுப் பேரறிஞர் பெர்மா. அடுத்து வருவது 32ஆம் வலு. அதனோடு ஒன்று கூட்டியதே நம் பேரெண்.

இக்கூற்றை அறிவீரோ என 1729இல் கோல்ட்பாக் என்பார் ஒயிலருக்குக் கடிதம் எழுதினார். ஒயிலர் அப்போது இளைஞர். நேரே சோதிப்பதாயின் 65536 வரையுள்ள 6542 முதன்மை எண்களாலும் வகுத்துப் பார்த்தல் வேண்டும். ஆனால், இப்பேரெண்ணை வகுக்கும் முதன்மை எண் எதுவாயினும், அது 64இன் மடங்கோடு ஒன்று கூடியதாகவே இருக்கும். அவ்வாறு தெரிந்தால் முதலில் நிற்பன 193, 257, 449, 577, 641 என்பன. முதல் நான்கும் வகுக்கமாட்டா, ஐந்தாவது வகுத்துவிடும்! 641ஐ 6700417ஆற் பெருக்கினால் 4294967297. ஒயிலர் 1732இல் இதனைக் காட்டியபோது அவருக்கு வயது இருபத்தைந்து.

அன்றிரவு யானும் அப்பெருக்கலைச் செய்து பார்த்தேன், ஓரிலக்கமும் பிசகவில்லை. பெர்மாவின் வரிசையில் ஆறாவது முதன்மை எண் இன்றுவரை காணப்படவில்லை என்பதும் அறிந்தேன். எனினும் என் நெஞ்சைத் தைத்தது வேறொன்று. தம் கூற்றுக்கு நிறுவல் தம்மிடம் இல்லை என்பதைப் பெர்மா மறைத்தாரல்லர். ஆராய்தற்கு இடம்விட்டே அவர் சென்றார். அவ்விடத்தை அடைப்பவர் என்போன்ற வழிபடுவோரே.

மறுநாள் மாணவனை அழைத்து விடைத்தாளை மீளப் படித்தேன். அவன் காட்டிய மூன்று உதாரணங்களுள் இரண்டு நில்லா, ஒன்று நின்றது. அதற்குரிய புள்ளியை இட்டு, "படியாமற் கோடிட்டது என் பிழை, தம்பி" என்றேன். அவன் நாணித் தலைகவிழ்ந்தான். உரையாசிரியர்பால் என் மதிப்பு அணுவளவும் குறைந்திலது. 641ஆல் பெர்மாவின் புகழ் குறைந்ததோ?