நாணேற்றிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்

வியாபாரப் பக்கத்தில் வில்லுக்கும் அம்புக்கும் என்ன வேலை என்று வாசக சகோதரர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. யாழ்ப்பாணத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் எனக்கும் கடந்த வருடம் வரை அதே எண்ணம்தான். நீர்ப்பம்பி, பைப், ஆணி, பெயின்ற் என்று காலந்தள்ளுகின்ற ஒருவனிடம் வந்து, மான் வேட்டைக்கு எந்த வில் நல்லது என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்?

கேட்டவர் என் மச்சான். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது சோனகதெருவிலிருந்து ஒன்றாகப் புறப்பட்டவர்கள் நாங்கள். நான் புத்தளத்தோடு நின்றுவிட்டேன். அவர் சில வருடங்களில் கனடா போய்ச் சேர்ந்தார். அங்கே கூட வேலை செய்த ஒருவர் பழக்கிவிட்டதில் அவருக்கு வில் வேட்டையில் ஆசை வந்து, முறைப்படி பயிற்சி பெற்று, அனுமதிப் பத்திரம் எடுத்து, இருபது வருடமாக ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஒன்ராறியோக் காட்டுக்குப் போய் வருகிறார். இப்போது வயது 67. வலது தோள் பழுதாகிவிட்டது. கையால் இழுக்கும் வில்லை இனி இழுக்க முடியாது. ஆகவே குறுக்கு வில், அதாவது கிறொஸ்போ, வாங்க வேண்டிய நிலை.

"மச்சான், நீ நாப்பது வருசமா சாமான் விக்கிறாய். எந்தச் சாமான் நிலைக்கும், எது இழுபறிப்படும் எண்டு உனக்குத் தெரியும். ஒருக்காப் பாத்துச் சொல்லு" என்று வட்ஸ்அப்பில் படங்களாக அனுப்பித் தள்ளினார்.

உண்மையில் அவர் என்னிடம் வந்தது முதல் வில் கைகொடுக்காமல் போன பிறகுதான். அதற்கு முந்திய வருடம் ஒரு கடையில் சலுகை விலைக்குப் போட்டிருந்த பெரிய வில் ஒன்றை வாங்கியிருந்தார். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருந்தது வேகம்: வினாடிக்கு 400 அடி. விற்பனையாளர் வாலிபப் பொடியன். அவனே நாணை ஏற்றி, அவனே எய்து காட்டியிருக்கிறான். மச்சானும் தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கட்டிவிட்டார். அந்த வில்லின் இழுவைப் பலம் 185 இறாத்தல். கப்பி பூட்டிய கயிற்றால் இழுத்தால் அதில் பாதிதான் கைக்கு வரும் என்பது சரி. ஆனால் பாதி என்றால் தொண்ணூறு இறாத்தலுக்கு மேல். காலை வளையத்துக்குள் வைத்து மிதித்து, குனிந்து, இரண்டு கையாலும் ஒரே சீராக மேலே இழுக்க வேண்டும். மூன்றாம் நாள் காட்டில் தோளில் ஏதோ அறுந்தது போல இருந்ததாம். அந்த வருட வேட்டை அத்தோடு முடிந்தது. ஆறு மாதம் கையைத் தலைக்கு மேலே உயர்த்த முடியவில்லை. தொழுகையில் தக்பீர் கட்டுவதற்கே சிரமப்பட்டார்.

இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் தோட்டக்காரர்களின் நினைவுதான் வந்தது. கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கம் வெங்காயம் வைக்கிறவர்கள் மண்ணெண்ணெய்ப் பம்பி வாங்க வருவார்கள். எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை குதிரைவலு, எவ்வளவு தண்ணி தள்ளும்?" என்பதே. நான் விலை சொல்லுமுன் பம்பியை வாசலில் வைத்து, "ஐயா, கயிற்றை ஒருக்கா நீங்களே இழுங்கோ" என்பேன். அறுபது வயதுக்காரர் நாலு தரம் இழுத்து மூச்சு வாங்கினாரென்றால் அந்தப் பம்பி அவருக்குரியதல்ல. சிறியதைக் காட்டுவேன். எனக்கு இலாபம் குறைவுதான். ஆனால் பெரியதைக் கொண்டு போனவர் ஒவ்வொரு விடியலிலும் அந்தக் கயிற்றை இழுக்கும்போது என்னைத் திட்டிக்கொண்டே இழுப்பார். திட்டு வாங்கும் கடைக்கு மகன் வரமாட்டான்.

மச்சானுக்கும் முதலில் இதைத்தான் சொன்னேன். வேகத்தை விடு, அம்பு போகும் முன்பும் போன பின்பும் உன் உடம்பு என்ன செய்ய வேண்டும் என்று பார்.

ஆனாலும் இந்த வேகக் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்லத்தான் வேண்டும். விலையை ஏற்றுவது அதுதான். குறுக்கு வில்லால் மானை எய்யும் தூரம் முப்பது யார் அளவில்தான். முப்பது யார் என்றால் 90 அடி. வினாடிக்கு 300 அடி போகும் அம்பு அதைக் கடக்க 0.3 வினாடி எடுக்கும். 400 அடி போகும் அம்புக்கு 0.225 வினாடி. வித்தியாசம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. நாண் அதிரும் ஒலியோ வினாடிக்கு ஏறத்தாழ 1,100 அடி வேகத்தில் ஓடி, இரண்டு அம்புகளுக்கும் முன்பே மானின் காதை அடைந்துவிடும். மிரண்டு பதுங்கும் மானுக்கு முன் இரண்டு வில்லும் ஒன்றுதான். கிட்ட வரும்வரை பொறுத்திருப்பவனுக்கு 300 அடி தாராளம். ஒன்ராறியோச் சட்டமும் வேகத்தைக் கேட்பதில்லை. மானுக்குக் குறுக்கு வில்லின் இழுவைப் பலம் குறைந்தது 45 கிலோ இருக்க வேண்டும் என்கிறது. ஏறத்தாழ நூறு இறாத்தல். கடையில் தொங்கும் வேட்டை வில்லெல்லாம் அதைத் தாண்டியவைதான்.

இனி எந்த வகை என்பது. இந்த இடத்தில் நான் ஒரு பிழை விட்டேன்.

குறுக்கு வில்லில் இரண்டு வகை. ஒன்று, கப்பி இல்லாமல் இரு கைகளும் வளைந்து நிற்கும் பழைய அமைப்பு. ஒன்ராறியோவின் கிச்சனர் நகரில் 1983 இல் தொடங்கிய எக்ஸ்காலிபர் கம்பனி இந்த வகைக்குப் பெயர் போனது. பாகங்கள் குறைவு; நாண் பழுதானால் காட்டில் வைத்தே சொந்தக் கையால் மாற்றிவிடலாம். மற்றது, நுனிகளில் கப்பிகள் வைத்த வில். 1960 களில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து அலன் என்பவர் கை வில்லுக்குக் கண்டுபிடித்த அமைப்பு, பிறகு குறுக்கு வில்லுக்கும் வந்தது. இது ஒடுக்கமானது. ஆனால் நாண் மாற்றுவதற்கு வில்லை அழுத்திப் பிடிக்கும் கருவி வேண்டும். கடைக்குத்தான் கொண்டு போக வேண்டும்.

ஹாட்வெயார்க்காரன் புத்தி எனக்கு. பாகம் குறைந்தால் பழுது குறையும் என்று, கப்பியில்லாததை வாங்கச் சொல்லிவிட்டேன். ஏ9 வீதி பூட்டிக் கிடந்து, ஒரு வோஷருக்காகப் பம்பிகள் மாதக் கணக்கில் முடங்கியதைக் கண்டவன் வேறென்ன சொல்வான்? மச்சான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மச்சான், எனக்கு வில் கடை இருபது நிமிசத் தூரம். நாண் மாத்துறது ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா. நாண் ஏத்துறது ஒவ்வொரு நாளும்" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாடிக்கையாளருடைய தோளை மறந்து, என்னுடைய பழைய பயத்துக்குச் சாமான் தெரிவு செய்திருக்கிறேன். கப்பியில்லாத வில் எளிமையானதுதான். ஆனால் அதே வேகத்துக்கு அதன் இழுவைப் பலம் இருநூறு இறாத்தலைத் தாண்டும். பழுதான தோளுக்கு அது ஆகாது.

ஆகவே மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம். இந்த முறை அவர் பழகும் இடத்திலிருந்து தொடங்கினோம். அவர் இப்போது மரப் பரணில் ஏறுவதில்லை. விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும் என்ற பயம். தரையில் சிறிய மறைப்புக் கூடாரத்துக்குள் கதிரை போட்டு இருக்கிறார். அந்தக் கூடாரத்தின் சாளரம் ஒடுக்கமானது. விரிந்த கைகள் உள்ள வில் என்றால் எய்யும்போது நுனி துணியிலோ கம்பியிலோ அடிக்கும். அம்பு எங்கேயோ போகும், வில்லும் வெடிக்கலாம். சிறிய வில் வேண்டும் என்பதற்குத் தூக்குகின்ற பாரம் மட்டுமே காரணம் அல்ல. நாணேற்றிய நிலையில் சில ஒடுக்கமான கப்பி வில்களின் அகலம் பத்து அங்குலத்துக்கும் குறைவு. பழைய வகையில் இரண்டடிக்கு மேல் போகும். இதற்கும் ஓர் எல்லை உண்டு. கனடாவில் ஒரு கையால் எய்யக்கூடிய குறுக்கு வில்லோ, 500 மில்லிமீற்றருக்கு மேற்படாத நீளமுடைய குறுக்கு வில்லோ, எதுவானாலும் தடை செய்யப்பட்ட ஆயுதம்.

அடுத்தது, உடலோடு பூட்டிய கிராங்க் கைப்பிடி. கிணற்றுக் கப்பியைச் சுற்றுவதுபோல் சுற்றினால் நாண் மெதுவாகப் பின்னுக்கு வரும். கைக்கு வரும் பாரம் பத்துப் பன்னிரண்டு இறாத்தல் அளவுதான். நேரம் கூடுதலாக எடுக்கும். எடுக்கட்டும், மான் வந்த பிறகா நாண் ஏற்றப் போகிறார்? வளையத்தில் கால் வைத்துக் குனியும் வேலையும் குறையும். அரபிகள் குறுக்கு வில் வகை ஒன்றைக் 'கால் வில்' என்றே அழைத்தார்களாம். சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபிக்காக அத்தர்ஸூஸி எழுதிய போர்க்கருவி நூலிலும் குறுக்கு வில்கள் இடம்பெற்றுள்ளன. அவர்கள் வாலிபர்கள், குனிந்து இழுத்தார்கள்.

இதைவிட நான் முக்கியமாகக் கருதுவது நாணை இறக்குவது. மான் வராத நாட்கள்தானே அதிகம்? மாலையில் ஏற்றிய நாணோடு வீட்டுக்கு வர முடியாது. அம்பில்லாமல் விசையைத் தட்டினால் வில் சிதறும். ஆகவே பல வில்களில் ஓர் அம்பை மெத்தென்ற மண்ணில் எய்துதான் நாணை இறக்க வேண்டும். இருட்டில், களைத்த கையோடு. சில புதிய வில்களில் அதே கிராங்க் கைப்பிடியால் நாணைப் பின்னோக்கி இறக்கிவிடலாம். இந்த வசதிக்குக் கொடுக்கும் டொலர் வேகத்துக்குக் கொடுக்கும் டொலரைவிடப் பெறுமதியானது என்பது என் அபிப்பிராயம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெருவிரல் நாணின் பாதைக்கு மேலே ஏறாதபடி தடுக்கும் சிறகு இருக்க வேண்டும். ஏறினால் விரல் போய்விடும். அம்பில்லாமல் எய்ய விடாத பூட்டு இருக்க வேண்டும். குளிருக்குக் கையுறை போட்ட விரலால் தள்ளக்கூடிய பாதுகாப்புப் பொத்தான் வேண்டும். மங்கிய கண்ணுக்கு ஒளிரும் குறியுள்ள தொலைநோக்கி, வில்லைத் தாங்க ஒரு கம்பு. நாணுக்கு மெழுகு.

ஹலால் பற்றி அவர் அங்குள்ள ஆலிம் ஒருவரிடம் ஏற்கெனவே கேட்டிருந்தார். அதீ பின் ஹாதிம் (ரழி) அவர்கள் அம்பு வேட்டை பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டறிந்த செய்தி புஹாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. கூர்முனை துளைத்துச் செத்தது ஆகும். அம்பின் பக்கவாட்டு அடியால் செத்தது ஆகாது என்பது அதன் சாரம். எனவே கூர் அலகுள்ள முனைதான், மழுங்கிய முனை கூடாது. எய்யும்போது பிஸ்மில்லாஹ். உயிரோடு கிடந்தால் அறுத்துவிட வேண்டும். தோள் நோகும்போது அம்பு கோணலாகப் போகும் என்பதால், தூக்கக்கூடிய வில்லைத் தெரிவதும் இந்த விடயத்தோடு சேர்ந்ததுதான் என்று அவர் சொன்னார். நான் அதை யோசித்திருக்கவில்லை.

வயதானவர்களுக்கும் இந்த வில்லுக்கும் உள்ள உறவு அந்நாடுகளில் சட்டத்திலேயே இருந்திருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் 2014 இல் எல்லோருக்கும் திறந்துவிடும்வரை, வில் வேட்டைப் பருவத்தில் குறுக்கு வில் 65 வயதைக் கடந்தவர்களுக்கும் உடல் இயலாதவர்களுக்கும்தான் அனுமதிக்கப்பட்டது. அப்படியிருந்தும் கடைக்குள் போனால் பெட்டியில் இருப்பது வேகம்தான். வாங்குகிறவன் கிழவன், விளம்பரம் வாலிபனுக்கு.

இந்தக் கதை எப்படியோ வெளியே கசிந்து, வவுனியாப் பக்கத்திலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். கனடாவிலிருந்து நாலைந்து வில் எடுத்துத் தர முடியுமா, நல்ல விலை தருகிறேன் என்றார். எதற்கு என்று கேட்டேன். சிரித்தார். துவக்குப் போலச் சத்தம் வராது என்றார். நம் நாட்டில் மானைக் கொல்வதும், இறைச்சியை வைத்திருப்பதும், விற்பதும் 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். ஒன்ராறியோவில் அனுமதியோடு எய்த காட்டு மானின் இறைச்சியைக்கூட விற்க முடியாது. வீட்டில் சமைக்கலாம், கொடுக்கலாம், அவ்வளவே. தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் சொன்ன தொகை என் ஒரு மாத வியாபாரம். அன்றிரவு அதை நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

மச்சான் கடைசியில் வாங்கியது ஒடுக்கமான, கிராங்க் கைப்பிடி பூட்டிய கப்பி வில். வேகம் அந்தக் கடையில் இருந்ததிலேயே குறைவானது. வாங்கும் முன் பத்துத் தடவை தானே நாணேற்றி, பத்துத் தடவை தானே இறக்கிப் பார்த்திருக்கிறார். கடைக்காரருக்கு முகம் கறுத்துவிட்டதாம். ஒக்டோபரில் முதல் நாள் காட்டுக்குப் போய் வந்து இரவு பேசினார்.

"மான் வந்திச்சா?" என்று கேட்டேன்.

"வந்திச்சு. அம்பது யார்ல நிண்டிட்டுப் போயிட்டு."

"தோள்?"

"மஹ்ரிபுக்கு முன்னம் நாணை இறக்கிப்போட்டு, கூடாரத்துக்குள்ளயே தொழுதிட்டு வந்தன். தக்பீருக்குக் கை காது மட்டும் போச்சுது மச்சான்."