முதலாளி பேசியே ஆகவேண்டும் என்னும் சட்டம்

பேரம் என்பது சந்தையில் வழங்குஞ் சொல். விற்பவர் ஒரு விலை கூறுவார். வாங்குபவர் குறைத்துக் கேட்பார். ஒத்துவராவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். விருப்பம் இல்லையேல் விலகிச் செல்லும் உரிமை இருவர்க்கும் இருப்பதே அப்பேரத்தின் அடிப்படை. கூலிக்கு உழைப்பவரின் நிலை அத்தகையதன்று. ரப்பர்த் தோட்டத்தில் வேலை கொடுத்தவரே குடியிருக்க லயத்து வீட்டையும் கொடுத்தார். வேலை போனால் வீடும் போயிற்று. இந்நிலையில் தொழிலாளி தனித்து நின்று பேசும் பேரம் பேரமாகாது. பலர் ஒன்றுகூடித் தம் சங்கத்தின் வாயிலாகப் பேசும் முறை இதனால் எழுந்தது. இதனைக் கூட்டுப் பேரம் என்பர். ஆனால், சங்கம் பேச முன்வந்தாலும் முதலாளி செவிசாய்க்க மறுத்தால் என்ன செய்வது?

இக்கேள்விக்கு விடையில்லாத காலம் ஒன்று இருந்தது. 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தங்களே அதற்குச் சான்று. பத்திரிகைத் துறையைச் சேர்ந்த ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்று நடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தொழிலாளரின் கோரிக்கைகளை எடுத்துரைத்தது. சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, பிள்ளைகட்குத் தக்க கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியவை அவற்றுட் சில. வெள்ளைக்காரத் துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கும் இழிவு நீங்கவேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. தோட்ட முதலாளிமார் அச்சங்கத்தைத் தொழிலாளரின் பிரதிநிதியாக ஏற்கவில்லை. ஏற்றுப் பேசவேண்டும் என்று கட்டளையிடும் சட்டமும் அன்று இல்லை. தொழிற்சங்கங்களைப் பதிவுசெய்வதற்கு 1940-இல் சட்டம் இயற்றப்பட்டதேயன்றி, அவற்றுடன் பேசும் கடமை எவர்மேலும் சுமத்தப்படவில்லை. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். வேலைநிறுத்தம் மேலும் பரவிற்று. சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டுப் படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பேச்சில் முடிந்திருக்கக்கூடிய வழக்கு இவ்வாறு குருதியில் முடிந்தது.

பிற நாடுகளில் இக்கடமை முன்னரே சட்டவடிவம் பெற்றிருந்தது. அமெரிக்காவில் 1935-ஆம் ஆண்டின் வாக்னர் சட்டம், தொழிலாளரின் பிரதிநிதிகளோடு பேச மறுப்பதை முதலாளியின் முறைகேடான செயல் என விதித்தது. 1949-இல் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் கூட்டுப் பேரவுரிமை பற்றிய 98-ஆவது உடன்படிக்கையை ஏற்படுத்தியது. மலாயா அதனை 1961-இல் ஏற்றது. இதற்கிடையே, 1954-இல் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் பல ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆயின. பி. பி. நாராயணன் தலைமைப் பொறுப்பேற்ற அச்சங்கம் தோட்ட முதலாளிகளின் அமைப்போடு பேசிக் கூலி ஒப்பந்தங்கள் செய்தது. எனினும் அப்பேச்சுகள் இருதரப்பாரின் இசைவால் நடந்தவையே.

இசைவைக் கடமையாக்கியது 1967-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம். அது இரண்டு படிகளை வகுத்தது. முதற்படி அங்கீகாரம். சங்கம் எழுத்து மூலம் அங்கீகாரம் கோரினால், முதலாளி 21 நாளுக்குள் அதனை வழங்கவேண்டும். அன்றேல் மறுப்புக்குக் காரணம் கூறவேண்டும். மறுத்தால் சங்கம் தொழில் உறவுத் துறைத் தலைமை இயக்குநரிடம் முறையிடலாம். தொழிலாளருள் பெரும்பான்மையோர் சங்கத்தை விரும்புகின்றனரா என்பதை அவர் இரகசிய வாக்கெடுப்பினால் அறியலாம். இரண்டாம் படி பேச்சு. அங்கீகாரம் பெற்ற சங்கம் எழுத்து மூலம் அழைத்தால், முதலாளி 14 நாளுக்குள் விடையளிக்கவேண்டும். அழைப்பை ஏற்றபின் 30 நாளுக்குள் பேச்சுத் தொடங்கவேண்டும். அழைப்பை மறுத்து, தலைமை இயக்குநர் முயன்றும் இணங்காவிடில், அங்கே தொழில் தகராறு எழுந்ததாகச் சட்டம் கொள்ளும். அத்தகராறு தொழில் நீதிமன்றம்வரை செல்லக்கூடும்.

இக்கடமையின் எல்லையை அறிதல் இன்றியமையாதது. பேசவேண்டும் என்பதே சட்டம். கேட்டதைக் கொடுக்கவேண்டும் என்பதன்று. பதவி உயர்வு, இடமாற்றம், வேலைப் பங்கீடு போன்றவற்றில் தனியொருவர் பற்றிய முடிவு முதலாளியின் அதிகாரமாகவே விடப்பட்டுள்ளது. ஆயினும் உடன்பாடு ஏற்பட்டுவிட்டால் அது வெறும் வாய்ச்சொல்லாய் நிற்பதில்லை. கூட்டு ஒப்பந்தம் எழுத்தில் அமையவேண்டும். அதன் காலம் மூன்றாண்டுக்குக் குறையலாகாது. தொழில் நீதிமன்றம் அதனை ஏற்றபின் அது இருதரப்பாரையும் கட்டுப்படுத்தும்.

இம்முறையின் பலவீனம் காலத் தாழ்ப்பில் உள்ளது. அங்கீகார வழக்கு நீண்டால், அதனைக் கோரியவர்களே வேலையை விட்டுப் போய்விடுவர். சங்கம் பெயரளவில் நின்றுவிடும். முன்பு அங்கீகாரம் பற்றிய இறுதி முடிவு அமைச்சரிடம் இருந்தது. 2021-ஆம் ஆண்டு தொட்டு அது தலைமை இயக்குநரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. சட்டம் நாளெண்ணிக் கெடு வைத்திருப்பதன் பொருளும் இதுவே. தாமதமாக வரும் பேச்சு, மறுக்கப்பட்ட பேச்சுக்கு ஒப்பாகும்.

கிள்ளான் தொழிலாளர் கேட்டவற்றுள் கூலியும் இருந்தது, மானமும் இருந்தது. அவ்விரண்டையும் எந்தச் சட்டமும் நேரே எடுத்துக் கொடுத்துவிடாது. அவற்றைக் கேட்பவரை எதிரில் அமர்த்தி, அவர் சொல்லுக்கு விடை சொல்லுமாறு முதலாளியைப் பணிப்பது மட்டுமே அதனால் இயலும். 1941-இல் அந்த ஓர் ஏற்பாடு இல்லாமற் போயிற்று. அதன் விலை என்னவென்று கிள்ளான் அறியும்.