மா (சொல்)

மா என்பது தமிழின் ஓரெழுத்து ஒருமொழிகளுள் ஒன்று. நன்னூல் குறிப்பிடும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளில் இதுவும் அடங்கும். இதே ஒலியுடைய சொற்கள் பிற மொழிகளில் வேறு பொருள்களில் வழங்குகின்றன.

தமிழில்

மாமரம், அரைத்த மாவு, விலங்கு (அரிமா), பெரிய (மாநகர்) ஆகியவை இதன் பொருள்களுள் சில. 1/20 என்னும் பின்னமும் மா எனப்படும். ஒரு வேலி நிலம் 20 மா ஆகும்.

பிற மொழிகளில்

- சமசுகிருதம்: செய்யாதே என விலக்குதல்
- இந்தி: தாய் (மூக்கொலியுடன்)
- அரபு: என்ன
- இத்தாலியம்: ஆனால்
- மாண்டரின் சீனம்: தொனிக்கேற்பத் தாய், சணல், குதிரை, திட்டுதல்

ஒலி ஒற்றுமையும் மொழி உறவும்

ஒரு சொல் ஒத்தொலிப்பதைக் கொண்டு இரு மொழிகளை உறவுடையவை எனக் கூற இயலாது. குழந்தைக்கு எளிதில் வரும் இதழொலி என்பதால் 'மா' பல மொழிகளில் தாயைக் குறிக்கிறது. ஆனால் சியார்சிய மொழியில் 'மாமா' என்றால் தந்தை. தமிழில் தாயின் உடன்பிறந்தவர்.

உண்மையான உறவுச் சொற்கள் பெரும்பாலும் ஒழுங்கான வேறுபாட்டுடன் அமையும். தமிழில் பால், பல், பத்து என்பவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து என வழங்குகின்றன. பொருள் ஒன்றாக இருக்க, சொல்லின் முதலிலுள்ள பகரம் மட்டும் தொடர்ந்து ஹகரமாகிறது. மொழியியலாளர் சான்றாகக் கொள்வது இத்தகைய தொடர்ச்சியையே. தனிச்சொல்லின் ஒலி ஒப்புமையை அன்று.